கேரவன் சமையல் மேடையில் டீக் கறையா?

கேரவன் சமையல் மேடை பார்க்கத்தான் கல் மாதிரி இருக்கும். பெரும்பாலும் பலகை மேல் ஒட்டிய மெல்லிய லேமினேட்தான். அதனால் கம்பி நாரைத் தொடவே வேண்டாம். டீ, காபிக் கறைக்குச் சமையல் சோடாவைப் பற்பசை பதத்துக்குக் குழைத்து, கறை மேல் மட்டும் தடவி 10 நிமிடம் விடுங்கள். அப்புறம் ஈரத்துணியால் அழுத்தாமல் துடைத்தெடுங்கள். பளபளப்பான பரப்பு என்றால் முதலில் கண்ணில் படாத மூலையில் தடவிப் பாருங்கள். சோடாவும் லேசாகக் கீறலாம். மூட்டு இடுக்கில் ஈரம் தங்கினால் உள்ளே பலகை உப்பிவிடும், உடனே ஒற்றி எடுங்கள்.

பக்கத்து ஜன்னலில் எண்ணெய் தெறித்திருக்கிறதா? அது பெரும்பாலும் கண்ணாடி இல்லை, அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக். ஆல்கஹால் கலந்த கண்ணாடி கிளீனர் பட்டால் மயிரிழை விரிசல் விழலாம். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர்தான் அதற்குச் சரி.