கிராக்கோவ் நகரில் நடக்கும் சிறுவர் சரித்திரக் கதை எழுதுவோருக்கு

போலந்தின் கிராக்கோவில் 1480-களில் கதை நடக்கிறதா? முதலில் சாப்பாட்டைச் சரிபாருங்கள். உருளைக்கிழங்கும் தக்காளியும் வரக்கூடாது; அவை அமெரிக்காவிலிருந்து வந்தவை, கொலம்பஸ் அங்கே கப்பலேறியதே 1492-ல்தான். ரை ரொட்டி, பனிவரகுக் கஞ்சி, முட்டைக்கோஸ், வியெலிச்கா சுரங்க உப்பு போதும். வாவெல் அரண்மனையின் வளைவுத் தாழ்வாரமும் 16-ஆம் நூற்றாண்டுக் கட்டுமானமே; அதையும் தவிருங்கள்.

சிறுவர்களை இழுக்க நல்ல இடம் புனித மரியாள் தேவாலயம். 1477 முதல் 1489 வரை சிற்பி ஃபைட் ஷ்டோஸ் அங்கே லிண்டன் மரத்தில் பிரம்மாண்டமான பலிபீடம் செதுக்கினார். மரச்சீவல் கூட்டும் பட்டறைப் பையனையே நாயகனாக்குங்கள். சிற்பம் வளர வளரக் கதையும் நகரும்.

1241-ல் மங்கோலியர் படையெடுத்தபோது, இந்தத் தேவாலயக் கோபுரத்தில் எக்காளம் ஊதியவர் மீது அம்பு பட்டு இசை பாதியில் நின்ற கதையை மட்டும் பாத்திரங்களிடம் சொல்லவைக்காதீர்கள். அது பரவியது 20-ஆம் நூற்றாண்டில். பின்குறிப்பில் சேர்க்கலாம்.