பழைய ஸ்டீரியோ ஸ்பீக்கர்களை வீட்டு ஆம்பிளிஃபயரில் இணைப்பது எப்படி?

பரணில் கிடக்கும் பழைய மரப்பெட்டி ஸ்பீக்கர்களைப் பழைய சாமான் கடைக்குத் தள்ளிவிடாதீர்கள். பெட்டி கனமாக இருந்து, உள்ளே அதிர்ந்து ஒலி எழுப்பும் கூம்பும் கிழியாமல் இருந்தால், மலிவு விலைக்கு வரும் பிளாஸ்டிக் ஸ்பீக்கர்களைவிட அவை நன்றாகவே பாடும். இணைப்பதும் எளிதுதான். ஆனால் ஒயரைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகளைத் தாண்டிப் போனால், ஆம்பிளிஃபயருக்கே ஆபத்து.

ஒரு சாதாரண மல்டிமீட்டர், ஒயர் கட்டர், 1.5 வோல்ட் பேட்டரி, உப்புத்தாள், ஸ்பீக்கர் ஒயர் ஆகியவை போதும். சில மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் தாராளம். 10 மீட்டர் வரை போவதென்றால் 2.5 வாங்குங்கள். பகட்டான பெயரோடு பல மடங்கு விலைக்கு விற்கும் ஒயர்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள். அந்தப் பணத்தை ஸ்பீக்கரைப் பழுது பார்க்கச் செலவிடலாம்.

படி 1: கண்ணால் பாருங்கள். முன்பக்கத் துணியைக் கழற்றி, பெரிய ஸ்பீக்கரின் கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தை விரல் நுனியால் மெல்லத் தொடுங்கள். ரப்பர், துணி வளையங்கள் நெடுநாள் உழைக்கும். ஸ்பாஞ்ச் வளையமாக இருந்தால் பதினைந்து, இருபது ஆண்டுகளில் பிசுபிசுத்து உதிரத் தொடங்கிவிடும். உதிர்கிறது என்றால் அத்துடன் நிறுத்துங்கள். ஸ்பீக்கர் பழுதுபார்ப்பவர்கள் வளையத்தை மட்டும் மாற்றித் தருவார்கள்.

படி 2: ஓம் அளவை, அதாவது ஸ்பீக்கரின் மின்தடையைத் தெரிந்துகொள்ளுங்கள். மிக முக்கியமான படி இதுதான். ஸ்பீக்கரின் பின்புறத்தில் 4, 6, 8 ஓம் என்று ஏதாவது அச்சிட்டிருக்கும். அழிந்துபோயிருந்தால் மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, முதலில் அதன் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். 0.3 போல ஏதோ ஒரு எண் வரும். அது மீட்டர் ஒயரின் சொந்தத் தடை, கழித்துக்கொள்ளுங்கள். பிறகு ஸ்பீக்கரின் இரு முனைகளிலும் வையுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் ஏறக்குறைய 5.5 முதல் 7 வரை காட்டும். 4 ஓம் ஸ்பீக்கர் 3 முதல் 3.7 வரை காட்டும். மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் உள்ளே எங்கோ அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் ஷார்ட் ஆகியிருக்கிறது. அதை எந்தக் காரணத்துக்காகவும் ஆம்பிளிஃபயரில் மாட்டக் கூடாது.

இப்போது ஆம்பிளிஃபயரின் பின்புறத்தைப் பாருங்கள். அதில் ‘8 ஓம்’ அல்லது ‘4 முதல் 16 ஓம்’ என்பதுபோல் எழுதியிருக்கும். உங்கள் ஸ்பீக்கர் அந்தக் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகக் கூடாது. ஓம் குறையக் குறைய ஆம்பிளிஃபயரிலிருந்து கூடுதல் மின்னோட்டம் பாயும். டிரான்சிஸ்டர்கள் சூடேறிக் கருகும். இரண்டு ஜோடி 8 ஓம் ஸ்பீக்கர்களை இணையாக மாட்டினால் ஒவ்வொரு பக்கமும் 4 ஓமாகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வாட் கணக்கைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். சிறிய ஆம்பிளிஃபயரை முழுச் சத்தத்தில் வைத்து ஒலி கரகரக்கும் வரை திருகுவதுதான் ட்வீட்டரை (கீச்சொலிகளைத் தரும் சிறிய ஸ்பீக்கரை) கொல்கிறது.

படி 3: பிளஸ், மைனஸ். சிவப்பு முனை பிளஸ், கறுப்பு முனை மைனஸ். நிறம் மங்கியிருந்தால் ஸ்பீக்கர் முனைகளில் பேட்டரியை ஒரு நொடி மட்டும் தொட்டு எடுங்கள். கூம்பு வெளிப்பக்கம் தள்ளினால், பேட்டரியின் பிளஸ் தொட்ட முனையே பிளஸ். பழைய ஐரோப்பிய வகை ஸ்பீக்கர்களில் ஒரு தட்டைக் கம்பியும் ஒரு உருண்டைக் கம்பியும் உள்ள பிளக் இருக்கும். உருண்டை பிளஸ், தட்டை மைனஸ்.

படி 4: இணைப்பு. ஆம்பிளிஃபயரின் பிளக்கைச் சுவரிலிருந்தே பிடுங்கிவிடுங்கள். ஒயரின் உறையை ஒரு சென்டிமீட்டர் அளவுக்குச் சீவி, செம்பு இழைகளை இறுக முறுக்குங்கள். பழைய ஸ்பிரிங் கிளிப்புகள் கறுத்திருந்தால் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். கிளிப்பை அழுத்தி, செம்பு மட்டும் உள்ளே போகும்படி செருகுங்கள். பிளாஸ்டிக் உறை நடுவில் சிக்கினால் ஒலி விட்டுவிட்டு வரும். மயிரிழை போன்ற ஒரு கம்பி பிரிந்து பக்கத்து முனையைத் தொட்டாலே ஆம்பிளிஃபயரின் அந்தப் பக்கச் சேனல் போய்விடக்கூடும், டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

சிறிய டிஜிட்டல் ஆம்பிளிஃபயர் என்றால் கூடுதல் எச்சரிக்கை: இடது, வலது மைனஸ் முனைகளை ஒன்றாக முறுக்கிவிடாதீர்கள். அவற்றில் பலவற்றில் மைனஸ் முனையிலும் மின்னழுத்தம் உண்டு.

படி 5: கேட்டுப் பாருங்கள். வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து மின்சாரம் கொடுங்கள். பாட்டுக்கு முன் வானொலிச் செய்தி போடுங்கள். இரு ஸ்பீக்கர்களுக்கும் நடுவில் உட்கார்ந்தால், வாசிப்பவரின் குரல் உங்கள் நேர் எதிரே இருந்து வர வேண்டும். குரல் எங்கோ பரவி, பாஸ் (அடித்தொனி) மெலிந்து கேட்டால் ஒரு பக்கம் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. ஆம்பிளிஃபயரை அணைத்துவிட்டு, ஒரே ஒரு ஸ்பீக்கரில் மட்டும் ஒயர்களை மாற்றிப் போடுங்கள்.

அரை மணி நேரம் மிதமான சத்தத்தில் ஓடிய பிறகு ஆம்பிளிஃபயரின் மேல்மூடியைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இயல்பு, கை வைக்க முடியாத சூடு என்றால் அணைத்துவிட்டு, இரண்டாம் படிக்குத் திரும்பி ஓம் அளவை மறுபடி பாருங்கள்.