காலைத் தும்மலும் தூசிப் பூச்சியும்

கண் விழித்ததும் அடுக்கடுக்காகத் தும்மல், மூக்கடைப்பு. வெளியே கிளம்பினால் சரியாகிவிடும். பரிசோதனையில் தூசிப் பூச்சி ஒவ்வாமை என்று தெரிந்தது.

இது கடிக்காது. அளவு 0.3 மில்லிமீட்டர்தான், நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துகளைத் தின்று மெத்தையில் வாழ்கிறது. தும்மலைக் கிளப்புவது பெரும்பாலும் அதன் எச்சம். ஆகவே பூச்சியைக் கொன்றால் மட்டும் போதாது, கழுவி வெளியேற்றவும் வேண்டும்.

எனக்கு அதிகம் கைகொடுத்தது மெத்தையையும் தலையணையையும் முழுதாக மூடும், ஜிப் வைத்த நெருக்கமான நெசவு உறை. இரவெல்லாம் முகம் புதைவது அங்கேதானே! விரிப்புகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்கிறேன். வெந்நீர் தாங்காத துணிப் பொம்மைகளைப் பையில் கட்டி ஒரு நாள் முழுக்க ஃப்ரீசரில் வைத்து, பிறகு அலசுவேன். குளிர் பூச்சியைக் கொல்லும், எச்சத்தை நீக்காது.

இந்தப் பூச்சி தண்ணீர் குடிப்பதில்லை, காற்றின் ஈரத்தை உறிஞ்சியே பிழைக்கிறது. அதனால் அறையின் ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குக் கீழே வைக்கப் பார்க்கிறேன். எழுந்ததும் படுக்கையை மூடாமல் காற்றாட விடுகிறேன். தரைவிரிப்பை எடுத்தாயிற்று. காற்றுச் சுத்திகரிப்பான் இதற்குப் பெரிதாக உதவாது என்பது என் கருத்து. எச்சம் கனமானது, சீக்கிரமே கீழே படிந்துவிடும்.

தும்மல் அடியோடு நிற்கவில்லை. மாத்திரை தேவைப்படும் நாட்கள் நன்றாகவே குறைந்திருக்கின்றன.