கோதுமையும் பாலும் இல்லாமல் கருப்பட்டி கேக்

கோதுமை ஒத்துக்கொள்ளாத பிள்ளை வீட்டில் இருந்தால் கடை கேக்கைப் பார்த்து அது ஏங்குவதைத் தாங்க முடியாது. சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டியும் தேங்காயும் நம் கையிலேயே இருக்கும்போது மைதா, வெண்ணெய், பால் எதற்கு?

150 கிராம் கருப்பட்டியைக் கால் டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கட்டாயம் வடிகட்டுங்கள், அடியில் மண் நறநறவென்று நிற்கும். ஆறியதும் 2 முட்டை, நன்றாகக் கனிந்த ஒரு வாழைப்பழம், 150 மில்லி கெட்டித் தேங்காய்ப்பால், 60 மில்லி தேங்காயெண்ணெய் சேர்த்து அடித்து, 200 கிராம் இடியாப்ப மாவு, 2 மேசைக்கரண்டி ஜவ்வரிசி மாவு, ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு கலக்குங்கள். சமையல் சோடா மட்டும் போட்டால் போதாது, புளிப்பு இருந்தால்தான் அது பொங்கும். பேக்கிங் பவுடரிலும் சிலவற்றில் கோதுமை மாவுச்சத்து இருக்கும், அதனால் டப்பாவைப் படித்து வாங்குங்கள். மாவு மில்லில் அரைப்பதாக இருந்தால் கோதுமை அரைத்த கையோடு உங்கள் அரிசியைப் போட விடாதீர்கள், அதில் ஒட்டியிருப்பதே பிள்ளைக்குப் போதும்.

கலந்ததும் அடுப்பில் வைக்காமல் 20 நிமிடம் விடுங்கள், அரிசி மாவு ஈரத்தைக் குடித்தால்தான் கேக் நறநறக்காது. அப்புறம் ஓவனில் 170 டிகிரி செல்சியஸில் சுமார் 50 நிமிடம், குச்சி குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும்.

முழுக்க ஆறாமல் வெட்டினால் உதிர்ந்துவிடும். தேங்காய்ப்பால் சேர்ந்தது, நம் கடற்கரைப் புழுக்கத்தில் மறுநாளே நூல்விடும், மிச்சத்தை அன்று இரவே ஃபிரிட்ஜில் வையுங்கள்.