அரசமைப்பை மாற்றலாமா என்று வாதிடும்போது நாம் செய்யும் தவறுகள்

அரசமைப்புச் சட்டத்தை மாற்றலாமா என்று யாராவது கேட்டால் போதும், இரண்டு நிமிடத்தில் இரண்டு அணி பிரிந்துவிடும். 'அம்பேத்கர் எழுதியதில் கை வைக்காதே' என்பது ஒன்று, '1950இல் எழுதியதை இன்னும் எத்தனை நாளைக்குத்தான் கட்டிக்கொண்டு அழுவது' என்பது இன்னொன்று. இரண்டு பக்கமும் செய்யும் முதல் தவறு, புத்தகத்தைத் திறக்காமலே பேசுவது.

கையில் ஒரு பிரதி இருந்தால் 19ஆவது பிரிவை எடுத்துப் பாருங்கள். குடிமக்களின் சுதந்திரங்கள் வரிசையாக இருக்கும், ஐந்தாவதுக்கு அப்புறம் ஆறாவது இருக்காது, நேராக ஏழாவதுக்குப் போய்விடும். அந்தக் காலி இடத்தில் இருந்தது சொத்து வாங்க, வைத்திருக்க, விற்க உள்ள உரிமை. 1978இல் 44ஆவது திருத்தம் அதை அடிப்படை உரிமைகளிலிருந்து எடுத்துவிட்டு, 300ஏ என்று வேறொரு இடத்தில், அடிப்படை உரிமை என்ற தகுதி இல்லாமல் வைத்தது. வாக்களிக்கும் வயது 21லிருந்து 18 ஆனதும் திருத்தத்தால்தான். மாற்றும் வழியை 368ஆவது பிரிவில் எழுதி வைத்தவர்களே அந்தப் புத்தகத்தை எழுதியவர்கள்தான்.

இதில் சென்னைக்கு ஒரு பெரிய பங்கு உண்டு, பலர் இதை மறந்துவிடுகிறார்கள். அன்றைய சென்னை மாகாணத்தில் கல்லூரி இடங்களை 14, 14ஆகப் பிரித்து, பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்டோருக்கு 2, பிராமணருக்கு 2, அன்று ஹரிஜனர் என்று குறிப்பிடப்பட்டவர்களுக்கு 2, கிறிஸ்தவர் ஆங்கிலோ இந்தியருக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்று கொடுக்கும் வகுப்புவாரி அரசாணை இருந்தது. செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. பெரியார் போராட்டத்தில் இறங்கினார், மாகாணமே கொதித்தது, ஜூன் மாதமே முதல் திருத்தம் வந்து, பின்தங்கிய வகுப்பினருக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அரசு தனி ஏற்பாடு செய்யலாம் என்ற 15(4) சேர்ந்தது. அரசமைப்பு நடைமுறைக்கு வந்து ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை, திருத்தியவர்களும் பெரும்பாலும் அதை உருவாக்கிய அவையின் உறுப்பினர்களே. அரசுக் கல்வி நிறுவனங்களில் மதம், சாதி மட்டும் பார்த்து இடம் மறுக்கக் கூடாது என்னும் 29(2)உம் இதற்குத் தடையாகாது என்று 15(4)இல் சேர்த்துச் சொல்லியிருப்பார்கள். வழக்கில் அரசாணையை வீழ்த்தியது அந்த 29(2)தான். நம் ஊர் வழக்கின் தழும்பு அந்த வரியிலேயே இருக்கிறது, எனக்கு ஒவ்வொரு முறை படிக்கும்போதும் சிலிர்க்கும்.

சரி, அப்படியானால் மாறுவதெல்லாம் முன்னேற்றமா? அப்படி நினைப்பது இதைவிட ஆபத்தான தவறு. இட ஒதுக்கீட்டைக் காப்பாற்றிய அதே முதல் திருத்தம்தான் பேச்சுரிமைக்கு அரசு போடக்கூடிய தடைகளையும் அதிகமாக்கியது. நெருக்கடி நிலையில், 1976இல் வந்த 42ஆவது திருத்தம் இன்னும் மேலே போய், திருத்தங்களை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கக் கூடாது என்றே எழுதிக்கொண்டது, 1980இல் மினர்வா மில்ஸ் வழக்கில்தான் அது அடிபட்டது. அதனால் ஒரு திருத்தம் பேச்சுக்கு வந்தால் 'காலத்துக்கு ஏற்றதா' என்பதோடு நிறுத்தாதீர்கள், யாருடைய கை ஓங்குகிறது, யாருக்கு வாய்ப்பூட்டு விழுகிறது என்று பாருங்கள்.

'மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் எதையும் மாற்றலாம்' என்பதும் தவறு. இரு அவைகளிலும் அந்தப் பலம் வேண்டும்தான், மாநிலங்களின் அதிகாரத்தைத் தொடும் சில திருத்தங்களுக்குப் பாதி மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதலும் வேண்டும். அதற்கு மேலும் ஒரு எல்லை இருக்கிறது. காசர்கோடு அருகே எடநீர் மடத்தின் தலைவர் கேசவானந்த பாரதி தொடுத்த வழக்கில், 1973இல் 13 நீதிபதிகள் அமர்ந்து 7க்கு 6 என்ற கணக்கில், அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை, அதாவது அதன் ஆதாரமான அம்சங்களை, நாடாளுமன்றமும் குலைக்க முடியாது என்றார்கள். ஒரே ஒரு நீதிபதி வித்தியாசத்தில்!

அமெரிக்காவில் 27 திருத்தம், இங்கே 2023க்குள் 106 என்று எண்ணிக்கையை நீட்டுவதும் வேண்டாம். அங்கே சுருக்கமாக எழுதினார்கள், இங்கே நிர்வாக விவரங்களையும் உள்ளே வைத்தார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று, எழுத்து மாறினால்தான் மாற்றம் என்று நினைப்பது. சட்டம் வகுத்த நடைமுறைப்படி அல்லாமல் யாருடைய உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்கிற 21ஆவது பிரிவில் ஒரு எழுத்தும் மாறவில்லை. சென்னை மாகாணச் சிறையில் வைக்கப்பட்டிருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் 1950இல் அதைச் சொல்லித்தான் வழக்குப் போட்டார். சட்டம் ஒன்று இருந்து அதன்படி அடைத்தால் போதும் என்று நீதிமன்றம் கையை விரித்தது. 1978இல் மேனகா காந்தி வழக்கில் அதே வரியைப் படித்து, அந்த நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்றது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில், அந்தரங்க உரிமையும் அதற்குள் உண்டு என்றார்கள்.

எழுத்து மாறாத இன்னொரு பிரிவும் இருக்கிறது. 17ஆவது பிரிவு, தீண்டாமை ஒழிக்கப்படுகிறது என்று சொல்வது. அதைத் திருத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை, அத்தனை தெளிவான வரி. ஆனால் நம் ஊர்களில் டீக்கடையில் தனிக் குவளை, சுடுகாட்டுக்குத் தனிப் பாதை என்று கேள்விப்படும்போதெல்லாம், முதல் அணியோ இரண்டாம் அணியோ, அந்தப் பிரிவின் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை.