ரிக்கெற் எடுத்தாயிற்று, குண்டும் வெடித்துவிட்டது: ஊருக்குப் போவதா, விடுவதா?

2019 உயிர்த்த ஞாயிறு அன்று, ஏப்ரல் 21ஆம் திகதி, கொழும்பில் முதல் குண்டு வெடித்தபோது லண்டனில் அதிகாலை நாலே கால் இருக்கும். நான் எழும்பிப் போனைப் பார்த்தபோது வைபரில் குடும்பக் குழு நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. கொச்சிக்கடை அந்தோனியார் கோவில், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சியோன் தேவாலயம், அப்புறம் கொழும்பில் மூன்று பெரிய ஹொட்டேல்கள். 260 பேருக்கு மேல் போய்விட்டார்கள். எங்கள் வீட்டு அலுமாரிக்குள் யாழ்ப்பாணம் போக யூலை கடைசிக்கு எடுத்த நாலு ரிக்கெற் கிடந்தது, பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, நல்லூர்த் திருவிழா, அம்மாவுக்கு எழுபதாவது பிறந்தநாள், எல்லாம் ஒன்றாகப் பார்த்து எடுத்த திகதி.

அடுத்த மூன்று மாதமும் "போறீங்களா?" என்ற கேள்வியோடுதான் போயிற்று. இன்றைக்கும், ஏதாவது ஒரு எச்சரிக்கை வந்தவுடன், யாராவது என்னிடம் அதையே கேட்கிறார்கள். ஆகவே நாங்கள் அப்போது என்ன பார்த்தோம், எதைப் பார்க்காமல் விட்டு முழித்தோம் என்று எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்று. ஊரில் இருப்பவர்களிடம் "வரலாமா?" என்று கேட்டு முடிவெடுக்காதீர்கள். நிலவரம் கேளுங்கள், அது வேறு. முடிவைக் கேட்டால் எப்போதும் ஒரே பதில்தான்: "பயப்பிடாம வாங்கோ, இஞ்ச ஒண்டும் இல்லை." 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் கொட்டும் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தை நடந்து கடந்த மனுசியிடம் ஊர் பாதுகாப்பாக இருக்கிறதா என்று கேட்டால் வேறென்ன சொல்வார்? அவர்களுடைய அளவுகோல் வேறு. அதேபோல ரொறன்ரோவில் இருந்துகொண்டு தொலைக்காட்சியை மட்டும் பார்க்கும் மச்சாளிடமும் கேட்காதீர்கள், அவருக்கு இலங்கை முழுக்கப் பற்றி எரிகிறது. என் தங்கச்சி இரண்டு பேரிடமும் கேட்டுவிட்டு ஒரு கிழமை நித்திரை கொள்ளவில்லை.

பார்க்க வேண்டியது, நீங்கள் வாழும் நாட்டு அரசின் பயண அறிவுறுத்தல். அதில் எழுதியிருப்பதெல்லாம் வேதவாக்கு என்பதற்காக இல்லை, உங்கள் காப்புறுதி அதில்தான் தொங்குகிறது என்பதற்காக. பிரித்தானிய வெளியுறவு அலுவலகம் 2019 ஏப்ரல் 25ஆம் திகதி "அத்தியாவசியப் பயணம் தவிர வேறெதற்கும் இலங்கைக்குப் போகவேண்டாம்" என்று சொன்னது, யூன் 6ஆம் திகதி அதை நீக்கியது. இந்த இடைப்பட்ட ஆறு கிழமைக்குள் ஒருவர் போயிருந்தால், அங்கே பைக்கில் இருந்து விழுந்து கால் முறிந்திருந்தாலும் காப்புறுதிக்காரன் காசு தரமாட்டேன் என்று சொல்ல இடம் இருந்தது. குண்டுக்கும் காலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் அறிவுறுத்தலை மீறிப் போனால் பல ஒப்பந்தங்கள் முழுதாகவே செல்லாமல் போய்விடும். கனடாவில் இருந்து போகிறவர்களுக்கு நாலு படி உண்டு: வழமையான அவதானம், கூடிய அவதானம், அவசியமில்லாத பயணத்தைத் தவிர்க்கவும், எந்தப் பயணமும் வேண்டாம். இரண்டாவது படியில் இலங்கை நிற்பதைப் பார்த்துப் பதறத் தேவையில்லை, உலகில் நிறைய நாடுகள் அந்தப் படியில்தான் நிற்கின்றன. மூன்றாவதுக்கு ஏறினால்தான் காப்புறுதியைக் கையில் எடுத்து வாசிக்க வேண்டும்.

வாசிக்கும்போது இரண்டு விசயத்தைத் தேடுங்கள். பயங்கரவாதச் சம்பவத்தில் காயப்பட்டால் வைத்தியச் செலவு உண்டா என்பது ஒன்று. பயந்து பயணத்தை நிறுத்தினால் காசு வருமா என்பது மற்றது. முதலாவதற்கு ஓம் என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும், இரண்டாவதற்குப் பெரும்பாலும் இல்லை. "மனம் வரவில்லை" என்பது அவர்களுக்குக் காரணமே இல்லை. அதோடு, சம்பவம் நடந்தபிறகு ஓடிப்போய் வாங்கும் காப்புறுதி அந்தச் சம்பவத்தின் விளைவுகளை ஏற்காது. ரிக்கெற் எடுக்கிற அன்றைக்கே காப்புறுதியையும் எடுங்கள். நாங்கள் "கிட்ட வர எடுக்கலாம்" என்று விட்டிருந்தோம். அதன் பலன், யூன் மாதம் மூன்று நிறுவனத்துக்குப் போன் எடுத்து வயலின் வாசிப்பைக் கேட்டுக்கொண்டு காத்திருந்ததுதான்.

ரிக்கெற் காசைப் பற்றி: விமானம் வழமைபோலப் பறந்துகொண்டிருக்கும்போது நீங்களாக நிறுத்தினால், பெரும்பாலும் காசு திரும்பாது. ஹொட்டேலும் விமானமும் சேர்த்து ஒரே பொதியாக வாங்கியவர்களுக்குத்தான் பிரித்தானியா போன்ற நாடுகளில் சட்டப் பாதுகாப்பு அதிகம். ஊருக்குப் போகிற எங்களில் யார் அப்படி வாங்குகிறோம்? தெருமுனைத் தமிழ் ஏஜென்சியில் ரிக்கெற் மட்டும்தான். ஆகவே செய்தி வந்த அன்றே அவசரப்பட்டு ரத்துச் செய்யாதீர்கள். சில நாள் பொறுத்தால் நிலைமை மோசமானால் விமான நிறுவனமே திகதி மாற்ற விடும், இல்லை விமானத்தையே நிறுத்தும், அப்போது முழுக்காசும் உங்களுடையது. முதல் நாளே நீங்கள் விட்டுக்கொடுத்தால் அது போனது போனதுதான்.

சரி, இந்த எச்சரிக்கைகளை எவ்வளவு நம்பலாம்? 2019இல் இந்தியப் புலனாய்வுத் தகவல் ஏப்ரல் 4ஆம் திகதியே கொழும்புக்கு வந்துவிட்டது. அதை அதிகாரிகள் ஆளாளுக்கு அனுப்பிவிட்டுப் பேசாமல் இருந்தார்கள். அதற்காகத்தான் 2023 சனவரியில் உச்ச நீதிமன்றம் முன்னாள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபா இழப்பீடு கட்டச் சொன்னது. பயணிகளுக்கு ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாறாக 2024 ஒக்டோபரில் அறுகம்பைப் பகுதியில் சுற்றுலாப் பயணிகள் தாக்கப்படலாம் என்று அமெரிக்கத் தூதரகம் முன்கூட்டியே அறிவித்தது, இஸ்ரேல் தன் ஆட்களை அங்கிருந்து வெளியேறச் சொன்னது, பொலிஸ் சிலரைப் பிடித்தது, தாக்குதல் ஒன்றும் நடக்கவில்லை, அடுத்த மாதம் அறிவித்தலையும் எடுத்துவிட்டார்கள். எச்சரிக்கை இல்லாதபோது நடந்தது, இருந்தபோது நடக்கவில்லை. என் கணக்கில், எச்சரிக்கை எந்த இடத்தைச் சொல்கிறது என்பதுதான் முக்கியம். அறுகம்பை நாட்டின் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு வடக்கு முனையில் இருக்கிற வடமராட்சிக்குப் போகிற பயணத்தை நிறுத்திய ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். அறுகம்பைக்குப் பக்கத்துப் பொத்துவிலுக்கு அலைச்சறுக்கு விளையாடப் போக இருந்த பொடியன் நிறுத்தியிருந்தால் அதில் நியாயம் இருந்திருக்கும்.

2019இல் நாங்கள் தவறவிட்ட விசயம் வேறு. குண்டுக்குப் பின்னால் என்ன வரும் என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. மே 13ஆம் திகதி குருநாகல், புத்தளம் மாவட்டங்களில் முஸ்லிம்களின் கடைகளையும் வீடுகளையும் பள்ளிவாசல்களையும் கும்பல்கள் அடித்து நொறுக்கின, எரித்தன. குண்டு வைத்தது ஒரு சிறிய இஸ்லாமியத் தீவிரவாதக் கும்பல், அடி வாங்கியவர்கள் வேறு யாரோ. ஊரடங்கு, சமூக வலைத்தள முடக்கம் எல்லாம் வந்தது. இப்போது வரைபடத்தை எடுத்துப் பாருங்கள்: கட்டுநாயக்க விமான நிலையத்தில் இருந்து யாழ்ப்பாணம் போகிற வான், நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம் வழியாகப் போகும், இல்லாவிட்டால் குருநாகல் வழியாக. அந்தக் கிழமையில் வந்திறங்கியிருந்தால் நடுவழியில் நின்றிருப்போம். ஆகவே போகிற ஊர் அமைதியா என்று மட்டும் பார்க்காதீர்கள், வழியில் என்ன நடக்கிறது என்றும் கேளுங்கள். இப்போது சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கு நேரே வரும் வழியும் உண்டு. சிறிய விமானம், பொதியின் எடையில் கறாராக இருப்பார்கள், சென்னையில் வெளியே வந்து மாற வேண்டியிருந்தால் இந்திய விசாவும் வேண்டும். ஆனாலும் கொழும்பைத் தவிர்க்க விரும்புகிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

பயணத்துக்குள் எதைக் குறைப்பது? நாங்கள் கொழும்பில் நிற்க இருந்த நாலு நாளை ஒன்றாக்கினோம், காலிமுகத்திடல் ஹொட்டேல் காலைச் சாப்பாட்டை விட்டோம், வெள்ளவத்தையில் சித்தி வீட்டில் படுத்தோம். கொச்சிக்கடைக்கு மட்டும் போனோம். யூன் 12ஆம் திகதி திரும்பத் திறந்திருந்தார்கள். என் மனைவிக்கு அந்தோனியாரிடம் பழைய நேர்த்தி ஒன்று இருந்தது, அதில் நான் வாய் திறக்கவில்லை.

சோதனைகள் பற்றிப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லி வையுங்கள். அந்த வருடம் நல்லூரிலேயே உடல் சோதனை, பை சோதனை, பெண்களுக்குத் தனி வரிசை. எங்களுக்கு அது பழைய ஞாபகம், வயிறு தானாக இறுகும். லண்டனில் பிறந்த என் மகனுக்கு அது ஏதோ விமான நிலையம் மாதிரி இருந்தது, சிரித்துக்கொண்டு கையை விரித்து நின்றான். கடவுச்சீட்டின் பிரதியும் விசாத் தாளும் எப்போதும் பையில் இருக்கட்டும். எங்களிடம் தேசிய அடையாள அட்டை இல்லை, அந்த இடத்தில் இதுதான் பேசும். ட்ரோனை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.

இதைவிடத் தமிழர்களாகிய நாங்கள் யோசிக்க வேண்டிய ஒன்று உண்டு, வெள்ளைக்காரப் பயணிகளுக்கான எந்தக் கையேட்டிலும் இதை விளக்கமாகச் சொல்லமாட்டார்கள். அங்கே "பயங்கரவாதம்" என்ற சொல் குண்டு வைப்பவனை மட்டும் குறிப்பதில்லை. 1979இல் தற்காலிகம் என்று சொல்லிக் கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் உங்கள் போனில் இருக்கும், இறந்த புலிகளை நினைவுகூரும் மாவீரர் நாள் படத்துக்கும், நீங்கள் இங்கே போன ஊர்வலத்தின் வீடியோவுக்கும் பாயக்கூடியது. புலம்பெயர் அமைப்புகளையும் தனிநபர்களையும் 2014இல் தடைப் பட்டியலில் போட்டார்கள், 2015இல் பலரை எடுத்தார்கள், 2021இல் திரும்பப் போட்டார்கள், 2022இல் மறுபடி பலரை எடுத்தார்கள். ஆட்சி மாற மாறப் பட்டியலும் மாறும். நீங்களோ வீட்டில் வேறு ஒருவரோ அமைப்புகளில் முன்னுக்கு நின்றவர் என்றால், அங்கே குண்டே வெடிக்காத வருடத்திலும் போவதற்கு முன் ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள். மற்றவர்கள் போனைத் துப்பரவாக்கிக்கொண்டு போனால் போதும். இரட்டைக் குடியுரிமை எடுத்தவர்களுக்கு இன்னொரு சொல்: இலங்கைக் குடிமகனாக நீங்கள் உள்ளே போனால், சிக்கல் வந்தால் பிரித்தானிய உயர்ஸ்தானிகராலயம் செய்யக்கூடியது மிகக் கொஞ்சம்.

இவ்வளவும் எழுதிவிட்டு உண்மையைச் சொல்ல வேண்டும். அந்தப் பயணத்தில் எனக்கு உயிர் போய்விடும் என்று பட்டது ஒரே ஒரு தடவைதான், அதிகாலை மூன்று மணிக்கு ஏ9 வீதியில், மாங்குளத்துக்குக் கிட்ட, வான்காரத் தம்பி கண்ணைச் சொக்கியபோது. முதல் நாளும் அவர் வான் ஓடிவிட்டுத்தான் வந்திருந்தார். இலங்கையில் வீதி விபத்தில் வருடத்துக்கு 2,000 பேருக்கு மேல் சாகிறார்கள், ஒவ்வொரு வருடமும். குண்டுக்குப் பயந்து மூன்று மாதம் நித்திரை இழந்த ஆட்கள், பதினொரு மணிநேரம் பறந்து இரவு இறங்கி, முன்பின் தெரியாத ஒருவருடைய வானில் ஏறி எட்டு மணிநேரம் எல்லோருமாக நித்திரை கொள்கிறோம். நீர்கொழும்பில் ஒரு இரவு படுத்துவிட்டு விடியப் போங்கள். இல்லாவிட்டால் கொழும்புக் கோட்டை நிலையத்தில் யாழ்ப்பாண ரயில் எடுங்கள். வானில்தான் போவதென்றால் ஒருவர் முன் ஆசனத்தில் இருந்து சாரதியோடு கதைத்துக்கொண்டே வர வேண்டும், அது அப்பாவின் வேலை.

பொலிஸுக்கு 119, இலவச அம்புலன்ஸுக்கு 1990. இரண்டையும் பிள்ளைகளின் போனிலும் போட்டுவிடுங்கள். சமூக வலைத்தளங்களை முடக்கினால் வட்ஸ்அப் வேலை செய்யாது, ஆகவே உள்ளூர் சிம் ஒன்றும், தாளில் எழுதிய நாலு நம்பரும் வேண்டும்.

யார் போகாமல் விடலாம்? போனால் முழுநாளும் பயந்துகொண்டே இருப்பேன் என்று தெரிந்தவர்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, அடுத்த வருடம் போகலாம். அம்மா அப்பாவுக்கு ஏலாமல் இருந்தால் மட்டும் அந்தக் கணக்கு வேறு, அதை நீங்கள்தான் போட வேண்டும்.

திரும்பி வரும்போது நாலு மணிநேரம் முன்னதாக விமான நிலையத்துக்குப் போங்கள், இப்படியான காலங்களில் வாசலிலேயே வரிசை நீளும். 2019 தாக்குதலுக்குப் பிறகு பயணிகளைத் தவிர எவரையும் கட்டடத்துக்குள் விடாத நாட்களும் இருந்தன. ஆகவே அழுகிற அழுகையை வீட்டுப் படலையடியிலேயே அழுது முடித்துவிட்டு வானில் ஏறுங்கள்.