டிஎன்ஏ சோதனையும் மொரீஷியஸ் தமிழ்க் குடும்பங்களும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூதாதையரைத் தேடி டிஎன்ஏ சோதனை எடுக்கும் மொரீஷியஸ் தமிழர்கள், முடிவு கைக்கு வந்ததும் கேட்கும் கேள்விகள் ஆண்டுக்கணக்கில் மாறவில்லை. முதலில் இதில் இறங்கியவர்கள் எங்கெல்லாம் சறுக்கினார்களோ, புதிதாக வருபவர்களும் அங்கேயேதான் சறுக்குகிறார்கள். எச்சில் எடுப்பதற்கு அரை மணி நேரம் முன்பு எதுவும் சாப்பிடக் கூடாது, குப்பியைக் கோடு வரை நிரப்ப வேண்டும் என்பதெல்லாம் சோதனைப் பெட்டிக்குள்ளேயே எழுதியிருக்கிறது, அதை விட்டுவிடலாம். இங்கே பேசப்போவது முடிவு வந்த பிறகு நடக்கும் தவறுகள். அவற்றில் ஒன்று குடும்பங்களையே உடைக்கிறது. அதற்குத்தான் அதிக இடம்.

விழுக்காட்டை ஊர் என்று நினைப்பது

"இலங்கை 16 விழுக்காடு" என்று வந்துவிட்டால் பாட்டி யாழ்ப்பாணத்துக்காரி என்று பொருளல்ல. நிறுவனம் உங்கள் டிஎன்ஏவைத் தன்னிடம் உள்ள மாதிரித் தொகுதிகளோடு ஒப்பிடுகிறது. எந்தத் தொகுதி அதிகம் ஒத்துப்போகிறதோ அதன் பெயரைச் சொல்கிறது. உங்கள் முப்பாட்டனின் தாலுகாவில் இருந்து மாதிரியே எடுக்கவில்லை என்றால், அந்தப் பெயர் எப்படி வரும்?

எல்லோரும் பயன்படுத்தக்கூடிய 1000 ஜீனோம்ஸ் என்ற மரபணுத் தரவுத் திட்டத்தையே பாருங்கள். அதில் தமிழர் தொகுதி ஒன்றுதான் இருக்கிறது. அதுவும் பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர் சுமார் நூறு பேரிடம் எடுத்தது. தமிழ்நாட்டுத் தமிழருக்கென்று தனித் தொகுதி அதில் இல்லை. அதை வைத்துக் கணக்குப் போடும் இலவசக் கருவியில் தஞ்சாவூர்க்காரரும் சேலத்துக்காரரும் "இலங்கை" என்று தெரியலாம். மாதிரித் தொகுதியை நிறுவனம் மாற்றும்போது விழுக்காடும் மாறும். போன வருடம் 16 இருந்தது இந்த வருடம் 4 ஆகிவிட்டது என்று பதறவே வேண்டாம்.

பழைய கருவிகளில் "ஓசியானியா" என்று இரண்டு மூன்று விழுக்காடு வருவதும் இதே வகைதான். தென்னிந்தியர் எல்லோரிடமும் இருக்கும் மிகப் பழைய வேட்டைச் சமூகத்து மரபை அந்தக் கருவிக்குச் சரியான பெட்டியில் போடத் தெரியவில்லை. பப்புவாவில் இருந்து யாரும் உங்கள் வீட்டுக்கு மருமகளாக வரவில்லை.

மடகாஸ்கரைச் சீனா என்று படிப்பது

கலப்புக் குடும்பங்களில் அடிக்கடி நடப்பது இது. ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த கிரியோல். முடிவில் மொசாம்பிக் பக்கத்து ஆப்பிரிக்கா ஒன்பது விழுக்காடு, கூடவே இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் என்று ஐந்து விழுக்காடு. உடனே போர்ட் லூயி சீனக் கடைக்காரர் ஒருவரைக் குடும்ப மரத்தில் சேர்த்துவிடுகிறார்கள்.

மடகாஸ்கர் தீவின் மலகாசி மக்களே இரண்டு மரபு கலந்தவர்கள். ஒரு பாதி போர்னியோ தீவின் தென்கிழக்கில் இருந்து கடல் கடந்து வந்தவர்கள், மறு பாதி கிழக்கு ஆப்பிரிக்கப் பாண்டு மக்கள். மொரீஷியசுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களில் மடகாஸ்கரில் இருந்து வந்தவர்கள் மிகப் பலர். ஆகவே கிழக்கு ஆப்பிரிக்காவும் தீவுத் தென்கிழக்காசியாவும் ஒன்றாக வந்தால் முதலில் மடகாஸ்கரை நினையுங்கள். சீனர் என்றால் "தென் சீனா" என்று தனியாக, தெளிவாக வரும். அதோடு ஹக்கா அல்லது காண்டன் குடும்பப் பெயருள்ளவர்கள் பொருத்தங்கள் பட்டியலில், அதாவது உங்களோடு டிஎன்ஏ பகிர்பவர்கள் என்று நிறுவனம் காட்டும் பட்டியலில், தெரிவார்கள். தாய்வழி டிஎன்ஏ சோதனையும் எடுத்திருந்தால், பி4ஏ1ஏ1 வகையில் வரும் மலகாசிக் கிளை சந்தேகத்தைத் தீர்த்துவிடும்.

இதன் மறுபக்கமும் உண்டு. கிரியோல் குடும்பத்தில் தென்னிந்திய டிஎன்ஏ துண்டு தெரிந்தால், ஒப்பந்தக் கூலியாக வந்த ஒருவரை, அவர்கள் வந்திறங்கிய ஆப்ரவாசி காட் துறையின் பதிவில் தேடத் தொடங்குகிறார்கள். ஆனால் ஒப்பந்தக் கூலி முறை தொடங்கிய 1834க்கு முன்பே, பிரெஞ்சுக்காரர் காலத்தில், சோழமண்டலக் கரையில் இருந்து அடிமைகளும் வந்தார்கள். லாபூர்தொனே ஆளுநராக இருந்தபோது புதுச்சேரிப் பக்கத்துக் கைவினைஞர்களும் வந்தார்கள். அந்தத் துண்டு சிறியதாகவும் பல கிரியோல் உறவினரிடம் ஒரே இடத்திலும் இருந்தால் கதை அடிமைக் காலத்துடையதாக இருக்கலாம். அதற்குத் தேட வேண்டியது அடிமைப் பதிவேடுகளில்.

கூட்டுத்தொகையைப் பார்த்து உறவை முடிவு செய்வது

மிகக் கேடான தவறு இதுதான். திரும்பத் திரும்ப நடப்பதைப் பார்த்தால் கோபம் வருகிறது, ஏனென்றால் பத்து நிமிடம் கூடுதலாகச் செலவிட்டால் தவிர்க்கக்கூடியது இது.

இருவர் பகிரும் டிஎன்ஏவின் நீளத்தைச் சென்டிமார்கன் என்ற அலகில் சொல்கிறார்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் சுமார் 3,400 முதல் 3,500 வரை. கூடப்பிறந்தவர்களுக்குச் சராசரி 2,600. தாய்மாமன், அத்தை, சித்தப்பா என்றால் 1,750. அவர்கள் பிள்ளைகளோடு 870. தாத்தாவுடன் பிறந்தவரின் பேரப்பிள்ளை என்றால் 230. பொதுப் பாட்டன் இன்னும் ஒரு தலைமுறை மேலே போனால் 73.

இந்த அட்டவணை, இருவருக்கும் ஒரே வழியில்தான் உறவு என்று வைத்துக்கொண்டு போட்டது. நம் வீடுகளில் அப்படியா? மாமன் மகள், அத்தை மகள், அக்கா மகள் என்று முறைப்பெண்ணைக் கட்டுவது கப்பல் ஏறுவதற்கு வெகுகாலம் முன்பே இருந்த வழக்கம். ஒரே சாதிக்குள், ஒரே சில கிராமங்களுக்குள் தலைமுறை தலைமுறையாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். இங்கே வந்த பிறகும் ஒரே தோட்டத்து முகாமில் இருந்தவர்களும் ஒரே கோவில் வட்டாரமும் சம்பந்தம் செய்துகொண்டார்கள். அதனால் இரண்டு தமிழர் ஐந்தாறு வழியில் தூரத்து உறவாக இருப்பார்கள். ஒவ்வொரு வழியும் ஒரு சிறு துண்டைத் தரும். நிறுவனம் எல்லாவற்றையும் கூட்டி ஓர் எண்ணைச் சொல்லும். நீங்கள் அதை ஒரே தாத்தா என்று படிப்பீர்கள்.

இரண்டு பொருத்தங்களை எடுத்துக்கொள்வோம். இரண்டும் 140 சென்டிமார்கன். முதலாவதில் ஆறு துண்டுகள்: 48, 34, 25, 17, 9, 7. இரண்டாவதில் பதின்மூன்று துண்டுகள்: பெரியது 16, மற்றவை எல்லாம் பத்தைச் சுற்றி. இப்போது 15க்குக் குறைந்த துண்டுகளை நீக்கிவிட்டுக் கூட்டுங்கள். முதலாவது 124 ஆக நிற்கிறது. இரண்டாவதில் மிஞ்சுவது 16. முதலாமவர் உண்மையாகவே நெருங்கிய சொந்தம், அவருக்குக் கடிதம் எழுதலாம். இரண்டாமவர் உங்கள் சமூகத்தைச் சேர்ந்தவர், அவ்வளவுதான். பொதுவான பாட்டனை எந்தக் காகிதத்திலும் கண்டுபிடிக்க முடியாது. இரண்டாமவரைப் போன்றவர்களைத் துரத்தி வருடங்களையும் சந்தாப் பணத்தையும் தொலைத்தவர்கள் நிறையப் பேர்.

பணம் போனால் போகட்டும். நெருங்கிய உறவில் இந்தத் தவறு நடந்தால் வீடே கலங்கிப்போகும். தமிழ்நாட்டில் அக்கா மகளை மணந்து, பிறகு மனைவியோடு இங்கே குடியேறிய ஒருவரை வைத்துப் பாருங்கள். அவர்களுடைய மகன் சோதனை எடுக்கிறான். தாயின் தம்பியும் எடுக்கிறார். தாய் வழியில் அவர் தாய்மாமன். தகப்பன் வழியில் பார்த்தால் தகப்பனுடைய அக்காவின் மகன், அதாவது அத்தை மகன். இரண்டு வழியும் சேர்ந்தால் எதிர்பார்க்க வேண்டிய எண் 1,750 அல்ல, ஏறத்தாழ 2,190. அந்த எண் தாய்மாமன் சராசரியைவிட மிகத் தள்ளி, கூடப்பிறந்தவர்களுக்கு உரிய வீச்சுக்குள் வந்துவிடுகிறது. நிறுவனத்தின் உறவுக் கணிப்பில் "உடன்பிறந்தவர்" என்ற சாத்தியம் ஏறிவிட்டால் போதும். அம்மாவின் மீது சந்தேகம், பாட்டியின் மீது சந்தேகம், வீட்டில் பேச்சுவார்த்தை அறுந்துபோகும். ஒரு தவறும் நடக்காத குடும்பத்தில், ஊரறிய நடந்த கல்யாணத்தின் கணக்கு அது.

சரிபார்ப்பது கடினமல்ல. நிறுவனம் தரும் மூலத் தரவுக் கோப்பைப் பதிவிறக்கி, டிஎன்ஏ கோப்புகளை ஒப்பிடும் ஜெட்மேட்ச் என்ற இணையதளத்தில் ஏற்றுங்கள். அங்கே "ஒன்-டு-ஒன்" ஒப்பீட்டில் படத்தைத் திறந்தால், இரண்டு பக்கமும் ஒத்துப்போகும் இடங்கள் பச்சை நிறத்தில் தெரியும். கூடப்பிறந்தவர்களுக்கு அந்தப் பச்சை டிஎன்ஏவில் கால் பங்கு இருக்கும். மேலே சொன்ன தாய்மாமனுக்கு நூற்றுக்கு ஆறு அளவில்தான் இருக்கும். கால் எங்கே, ஆறு எங்கே? பார்த்த உடனே தெரிந்துவிடும்.

அடுத்து, அதே தளத்தில் "ஆர் யுவர் பேரண்ட்ஸ் ரிலேட்டட்" (உங்கள் பெற்றோர் உறவினரா) என்ற கருவியில் உங்கள் கோப்பின் எண்ணை மட்டும் கொடுங்கள். யாருடைய பொருத்தத்தையும் படிப்பதற்கு முன்பு செய்ய வேண்டிய வேலை இது. தாயிடமும் தகப்பனிடமும் இருந்து ஒரே மாதிரி வந்த பகுதிகளின் நீளத்தை அது சொல்லும். மொத்தம் 220 சுற்றி என்றால் பெற்றோர் மாமன் பிள்ளை, அத்தை பிள்ளை. 440 சுற்றி என்றால் மாமனும் அக்கா மகளும். மொத்தத்தை மட்டும் பார்க்காதீர்கள். சில நீண்ட பகுதிகள் என்றால் அண்மைக் காலத்து மணம். பல குட்டிப் பகுதிகள் என்றால் பழைய காலத்துச் சொந்தத்துக்குள் மணம், பெற்றோர் நேரடி உறவாக இருக்க வேண்டியதில்லை. கருவி அடியில் ஒரு தலைமுறை எண் காட்டும். நம் குடும்பங்களுக்கு அது பொருந்தாது.

"எங்கள் இருவருக்கும் பொதுவான பொருத்தங்கள் ஐம்பது பேர் இருக்கிறார்கள்" என்பதும் சான்றல்ல. சொந்தத்துக்குள் மணம் செய்த சமூகத்தில் எல்லோருக்கும் எல்லோரும் பொதுவாகவே வருவார்கள். நீங்கள், அவர், பொதுவான பொருத்தம் ஒருவர் என மூன்று பேரும் ஒரே குரோமோசோமில் ஒரே இடத்தில், அதுவும் ஒரே பெற்றோர் பக்கத்தில் ஒத்துப்போக வேண்டும். எந்தப் பக்கம் என்று சொல்லத் தாயோ தகப்பனோ சோதனை எடுத்திருக்க வேண்டும்.

ஆன்செஸ்ட்ரி என்ற சோதனை நிறுவனத்தைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு குறிப்பு: 90 சென்டிமார்கனுக்குக் கீழே உள்ள பொருத்தங்களில், ஏராளமானவரோடு ஒத்துப்போகும் துண்டுகளை அது தானே கழித்துவிடுகிறது. அதனால் மிக நீளமான துண்டு மொத்தத்தைவிடப் பெரியதாகத் தெரியலாம். அது பிழையல்ல, நமக்கு உதவியே.

ஆர்1ஏ வந்தால் ஐரோப்பியர், பிராமணர் என்பது

இல்லை. ஆர்1ஏ என்பது தகப்பன்வழி மரபு வகை ஒன்று. பல சாதித் தமிழரிடமும் அது உண்டு.

வயதானவர்களை விட்டுவிட்டு இளையவர்கள் எடுப்பது

ஒரே பெட்டிக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் அது பாட்டிக்கு. உங்களைவிட மூதாதையருக்கு நெருக்கமானவர் அவர்.

குடும்பப் பெயரை நம்பித் தேடுவது

மொரீஷியசில் தகப்பனின் பெயர் பிள்ளைக்குக் குடும்பப் பெயராக எழுதப்பட்டது. எழுதிய குமாஸ்தா காதில் விழுந்ததைப் பிரெஞ்சு முறையில் எழுதினார். முருகன் "மூர்கென்" ஆனார், வீரப்பன் "வீராபென்" ஆனார். ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் பிள்ளைகளும் தம்பி பிள்ளைகளும் வேறு வேறு குடும்பப் பெயரோடு இருப்பார்கள். பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் சொந்தமும் ஆகாது. முருகன் எத்தனை பேர்!

பெயருக்குப் பதிலாக எண்ணைப் பிடியுங்கள். ஒப்பந்தத்தில் வந்த ஒவ்வொருவருக்கும் குடியேற்ற எண் ஒன்று கொடுக்கப்பட்டது. பழைய பிறப்பு, திருமணப் பதிவுகளில் பெற்றோர் பெயர் அருகே அது பெரும்பாலும் இருக்கும். உங்களிடமிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு தலைமுறையின் பிறப்புச் சான்றிதழையும் வாங்குங்கள். எண் கிடைத்ததும் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடியேற்ற ஆவணப் பிரிவுக்குப் போங்கள். பதிவில் கப்பல், வயது, சாதி, மாவட்டம், கிராமம் ஆகியவை இருக்கும்; பிற்காலத்தவர் சிலருக்குப் புகைப்படமும் இருக்கும். "மெட்ராஸ்" என்று மட்டும் எழுதியிருந்தால் அது கப்பல் ஏறிய துறைமுகமாக இருக்கலாம். சொந்த ஊருக்கு ஜில்லாப் பெயரைத் தேடுங்கள்: தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, தென்னார்க்காடு, செங்கல்பட்டு, சேலம்.

மூலத் தரவை நிறுவனத்திடமே விட்டு வைப்பது

23அண்ட்மீ என்ற சோதனை நிறுவனம் 2025 மார்ச்சில் திவால் மனு கொடுத்தது. அதற்கு முன் 2023இல் அதன் பயனர்களில் 69 லட்சம் பேருடைய தகவல் கசிந்தது. முடிவு வந்த வாரமே தரவுக் கோப்பைப் பதிவிறக்கி இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரியூனியன் சொந்தங்களுக்குப் பெட்டி அனுப்புவது

பக்கத்துத் தீவான ரியூனியன் பிரான்சின் ஒரு பகுதி, பிரெஞ்சுச் சட்டம்தான் அங்கே. மருத்துவம், ஆராய்ச்சி, நீதிமன்ற உத்தரவு ஆகிய காரணங்கள் இல்லாமல் தன் மரபணுவைச் சோதிக்கக் கொடுப்பது அங்கே குற்றம். அபராதம் 3,750 யூரோ வரை. பலர் எடுக்கத்தான் செய்கிறார்கள் என்பது வேறு. ரியூனியனின் தலைநகர் சாந்தெனியில் இருக்கும் சித்தப்பா மகனை, சட்டத்தைச் சொல்லாமல், அன்பின் பெயரால் அதில் இழுத்துவிடுவது சரியல்ல. அவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

அவர் வேண்டாம் என்றால் காகிதம் இருக்கிறது. ரியூனியனின் பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளை பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில் உள்ள பிரெஞ்சுக் கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஊரைத் தேர்ந்தெடுத்து ஆண்டைத் தேர்ந்தெடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியதுதான். அங்கே அடிமைமுறை ஒழிந்தது 1848 டிசம்பர் 20. விடுதலை பெற்றவர்களுக்குக் குடும்பப் பெயர் கொடுத்த பதிவுகள் அதை ஒட்டிய காலத்தவை. பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்து ஆள் எடுக்க வழி செய்த ஒப்பந்தம் 1860இல் வந்தது, 1882இல் ஆள் எடுப்பு நின்றது. உங்கள் தாத்தாவின் தம்பி மொரீஷியசில் இருந்து அங்கே போனாரா, நேராகக் காரைக்காலில் இருந்து போனாரா என்பதை அவருடைய திருமணப் பதிவில் உள்ள பிறந்த ஊரைப் பார்த்துத் தொடங்குங்கள்.